கேபிளில் வாசித்த பெயர்

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ புனேவிலிருந்து போனை வைத்த விதத்திலேயே உன் நலம் எனக்குத் தெரிந்துவிட்டது. என் நலமும் அதே லட்சணத்தில்தான் இருக்கிறது. ஏழு நாளாகக் கோபத்தில் இருக்கிறேன். முதலில் உன்மேல் கோபம், அப்புறம் உன் அம்மாமேல், அப்புறம் டிவியில் சிரிக்கிறவன், சிரிக்க வைக்கிறவன் எல்லார்மேலும். அது சுற்றிச் சுற்றிக் கடைசியில் எங்கே வந்து உட்கார்ந்தது என்று இதைப் படித்து முடித்தால் தெரியும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரோடு கொள்கைச் சண்டை போட்டு வெளிநடப்புச் செய்தவன் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஃபெயில் என்று உன் அம்மா சொல்வாள். அவள் சொல்வதும் ஒரு கோணத்தில் சரிதான். அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படி, விஷயத்தில் பிழை இருந்தால் மட்டும் பொறுக்காதே.

என்ன நடந்தது என்று வரிசையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. அடுத்த மாதம் குன்றத்தூர் மலை அடிவாரத்து மண்டபத்தில் எனக்கும் உன் அம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம். ராஜகீழ்ப்பாக்கத்தில் நம் வகையறாவில் யாரும் இதுவரை இந்த அளவுக்குச் செய்ததில்லை. அதைத்தான் உன்னிடம் போனில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நாயனம் யார், பந்தியில் எத்தனை வகை, எந்த எம்.எல்.ஏ. வருகிறார் என்று. வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை, பார்க்கிறேன் என்றுதான் சொன்னார், அது வேறு விஷயம். பிறகு, "சாப்பாட்டுக்கு அப்புறம் மிமிக்ரி பாபு வரான்டா. ஒரு மணி நேரம். அந்த ஆம்பளைக்கு ஆம்பளை லவ் லெட்டர் குடுத்துகினு நெளிஞ்சி நெளிஞ்சி நடப்பானே, அந்த ஐட்டத்தைக் கண்டிப்பா வைக்கச் சொல்லிக்கீறேன். ஜனம் வயித்தப் புடிச்சிகினு சிரிக்கும்" என்றேன். நீ, "அது வேணாம்பா" என்றாய். ஏன் என்றேன். "அது இருந்தா நான் வரல" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. "ஒரு ஜோக்குக்காகவாடா பெத்தவன் விசேஷத்துக்கு வரமாட்ட? அது யார இன்னாடா பண்ணுது? டிவில தெனம் வருது, ஊரே சிரிக்குது, எவனாச்சும் அழுதானா?" என்று கத்தினேன். "அப்பா, அந்த ஜோக்கே நான்தான்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

சத்தியமாக எனக்குப் புரியவில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த உன் அம்மாவிடம், "இன்னா உன் புள்ள சாமியார் மாதிரி பேசறான். தானே ஜோக்குன்றான்" என்றேன். அவள் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். அவள் அப்படித் துடைத்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "அவனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டமில்லைங்க. ஆம்பளைங்க மேலதான். விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்தே அப்படித்தானாம். நாலு வருஷமா எனக்குத் தெரியும்" என்றாள், கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனதைச் சொல்வதுபோல. என் வாயில் ஒரு சொல் வந்தது. எந்தச் சொல் என்று உனக்குத் தெரியும். டிவியில் ஒரு எண்ணைச் சொல்லிச் சிரிப்பார்களே, அதுதான். உன் அம்மா எழுந்து நின்றாள். "அந்த வார்த்தைய இந்த வூட்டுல இன்னொரு தபா சொன்னீங்கன்னா நான் குன்றத்தூருக்கு வரமாட்டேன். நீங்களே தனியா உக்காந்து உங்களுக்கே தாலி கட்டிக்கோங்க" என்றாள். கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவள் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்தச் சொல்லை விட்டால் வேறு என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். மகனே, எனக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லை. இருபது வருஷமாகக் கேபிள் டிவியோடு குடும்பம் நடத்துகிறவன் நான். அது எனக்கு ஆயிரம் சொல் கற்றுக்கொடுத்திருக்கிறது. காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று சொல்லத் தெரியும், உள்நோக்கம் கொண்ட குற்றச்சாட்டு என்று சொல்லத் தெரியும். பெற்ற பிள்ளை எப்படிப்பட்டவன் என்று மரியாதையாகச் சொல்ல ஒரு வார்த்தை அது கற்றுக்கொடுக்கவில்லை. கொடுத்ததெல்லாம் வசவு, இல்லையென்றால் சிரிப்பு. பேப்பரில் நீளமாக ஒரு சொல் போடுகிறான், அதைப் படித்தால் ஏதோ வியாதியின் பெயர் மாதிரி இருக்கிறது. டெல்லி கோர்ட்டில் உங்களைப் பற்றித் தீர்ப்பு வந்ததே, அந்த வாரம் நானே நம் லோக்கல் சானல் மைக்கில் அதை வைத்து இரண்டு ஜோக்கு அடித்தேன். நல்ல ஜோக்கு என்று நினைத்து மறுநாளும் அடித்தேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கேள்வி உன்னுடையதுகூட இல்லை, என்னுடையது. இது யாரை என்ன செய்கிறது என்று நான்தானே கேட்டேன். அப்படிக் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறது என்று நினைத்தேன். தாம்பரம் வேளச்சேரி ரோட்டில் என் ஒயரைத் தாண்டாமல் ஒரு காக்காய் பறந்ததில்லை. நாலாயிரம் கனெக்‌ஷன் என்று எல்லாரிடமும் சொல்வேன். நானூறு என்பது உனக்குத் தெரியும், நீதானே கணினியில் ஏற்றிக் கொடுத்தாய். ஆனால் அந்த நானூறு வீட்டுக்கும் நான்தான் சாயங்காலம். ஆறு மணிக்கு நம் லோக்கல் சானலில் நான் மைக்கைப் பிடித்தால், போன் போட்டு என்ன பாட்டு, என்ன காமெடி கேட்டாலும் போடுவேன். அவர்கள் எதற்கெல்லாம் என்னைத் திட்டியிருக்கிறார்கள் தெரியுமா? மழையில் படம் புள்ளி அடித்தால் போன் வரும். சீரியல் முடிகிற நேரத்தில் கரண்ட் போனால் போன் வரும், கரண்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஒரு அம்மா இந்தியா மேட்சில் தோற்றதற்கு என்னை வெளுத்து வாங்கினார். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரே ஒருத்தர்கூட, "சார், அந்தக் காமெடி போடாதீங்க, எனக்கு வலிக்குது" என்று சொன்னதில்லை. அதனால் யாருக்கும் வலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ஏகாம்பரம் மாமாவிடமும் டீக்கடையிலும் இதையே ஆதாரமாகச் சொல்லி ஜெயித்திருக்கிறேன்.

இந்த ஏழு நாளில் ஒரு நாள் பல் தேய்க்கும்போது உறைத்தது. என்னிடம் போன் போட்டால் நான் முதலில் என்ன கேட்பேன்? பெயர் என்ன, எந்தத் தெரு, யாருக்காக. அது இல்லாமல் பேசவே விடமாட்டேன், அதுவும் லைவில் நானூறு வீடு கேட்க. பெயரும் தெருவும் சொல்லிவிட்டு, எனக்கு வலிக்கிறது என்று எவன் சொல்வான்? சொன்ன நிமிஷத்திலிருந்து அந்தத் தெருவில் அவனால் பால் வாங்கப் போக முடியுமா? வாயைக் கட்டிவிட்டு, பார் அவன் கத்தவில்லை, வலிக்கவில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறேன். இது இத்தனை வருஷம் என் மண்டையில் ஏறாததை நினைத்தால் பிரஷைத் தூக்கி எறியத்தான் தோன்றியது. எறிந்தேன். உன் அம்மா எடுத்து வைத்தாள்.

இப்போது அந்த வாரத்தைப் பற்றி எழுத வேண்டும். இதுவரை சுற்றி வளைத்ததெல்லாம் இதை எழுதக் கூசித்தான்.

நீ ப்ளஸ் டூ படித்த வருஷம். ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "சார், நாங்க ஸ்கூல் பசங்க பேசறோம். அந்தக் காமெடி போடுங்க சார், பூ வெச்சிகினு ஒருத்தன் வருவானே." போடலாம், யாருக்காக என்று கேட்டேன். பின்னால் கொல்லென்று சிரிப்பு. "உங்க பையனுக்காக சார். அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பிள்ளைக்கு இத்தனை சிநேகிதர்களா, வகுப்பே போன் போடுகிறதே என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மைக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, உன் பெயர், இனிஷியல், பள்ளிக்கூடம், வகுப்பு, பிரிவு எல்லாம் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "இந்த நகைச்சுவைக் காட்சியை நண்பர்கள் அன்போடு சமர்ப்பிக்கிறார்கள்" என்று அன்போடு என்பதை நானே சேர்த்தேன். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அந்த வாரம் முழுக்கத் தினமும் ஆறு மணிக்கு உன் பெயரைச் சொல்லி அந்தக் காட்சியைப் போட்டேன். அதில் அந்த ஆள் ஓடிவந்து ஒருத்தன் கையைப் பிடிப்பான், அவன் ஓங்கி அறைவான், சுற்றி இருக்கிறவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள், அவ்வளவுதான் காட்சி.

புதன்கிழமை நீ கண்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நின்றாய். "அப்பா, என் பேரைப் படிக்காத" என்றாய். நான், "அவனவன் பேரு வராதான்னு தவம் கெடக்குறான், உனக்கு இன்னாடா?" என்று சொல்லிவிட்டு அன்றைக்கும் படித்தேன். சனிக்கிழமை நீ மொட்டை மாடிக்குப் போய் மெயின் ஒயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டாய். நாலு தெருவிலும் படம் போய், ஜனம் வாசலில் வந்து கத்தியது. அத்தனை பேர் முன்னால் நான் உன்னை அறைந்தேன். நீ கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அறை வாங்கிவிட்டு என்னைப் பார்த்தாய், அந்தப் பார்வையைத் திமிர் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காட்சியில் வருகிற அறையை ஒரு வாரமாகப் பார்த்துவிட்டுத்தான் நீ அங்கே நின்றாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. டிவியில் ஒருத்தன் அடித்தான், வாசலில் நான் அடித்தேன்.

அதோடு விட்டேனா? அதைக் கதையாக்கினேன். "என் பையன் படிப்பு வெறி புடிச்சவன். டிவி இடைஞ்சலா இருக்குன்னு பெத்த அப்பன் ஒயரையே வெட்டிட்டான்" என்று எத்தனை பந்தியில் சொல்லியிருப்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லியிருக்கிறேன். நீ இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாய். தன்னடக்கம் என்று அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன். அந்த வருஷம் மாடியில் நீ இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருப்பாய், புத்தகத்தோடு. என் மகன் நடந்துகொண்டே படிப்பான் என்று நேயர்களுக்கு மைக்கிலேயே சொல்லியிருக்கிறேன். நீ படிக்கவில்லை, நடக்கப் பழகினாய் என்று உன் அம்மா இப்போது சொல்கிறாள். இடுப்பு அசையாமல், கை ஆடாமல், யாரும் எதுவும் சொல்ல முடியாத மாதிரி நடக்க. பதினேழு வயதில். அதைக் கேட்டதிலிருந்து மாடிப்படி ஏறவே எனக்குப் பிடிக்கவில்லை.

மறைமலை நகர் கம்பெனியிலிருந்து நீ புனேவுக்கு மாற்றல் வாங்கிப் போனாயே, அதையும்தான் அலங்கரித்தேன். புனே ஆட்கள் ஃபிளைட்டில் வந்து கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நீயே எழுதிக் கேட்டு வாங்கிய மாற்றல் என்று உன் அம்மா சொன்னாள். கேன்டீனில் மத்தியானம் டிவி ஓடுமாம். அந்த மாதிரிக் காட்சி வந்தால் உன் மேசையில் இருக்கிறவர்கள் ஒருத்தர் தொடையில் ஒருத்தர் கை வைத்து நடித்துச் சிரிப்பார்களாம். நீயும் சிரிப்பாயாம். நீ சிரித்தாய் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சிரிக்காமல் இருந்தால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்ப்பார்கள் என்று சிரித்தாயாம். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தன் சோற்றோடு அதையும் சேர்த்து விழுங்க வேண்டுமா?

ஆக, இந்த வாரம் உட்கார்ந்து டிவியைப் பார்த்தேன். எப்போதும் படம் தெளிவாக வருகிறதா என்று பார்ப்பேன், இந்தத் தடவைதான் என்ன வருகிறது என்று பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் நீ இருப்பதாக நினைத்துக்கொண்டு பார்த்தேன். உன் மாதிரி ஒருத்தன் ஒரு காட்சியிலாவது வேலைக்குப் போகிறானா, காய்ச்சலில் படுக்கிறானா, அம்மாவுக்கு மாத்திரை வாங்குகிறானா என்று பார்த்தேன். கிடையாது. வருவான், நெளிவான், அடி வாங்குவான், போவான். திருநங்கையும் நீயும் அவர்களுக்கு ஒன்றுதான், யாரையும் விட்டுவைக்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்து ஒரு சானலுக்கே போன் போட்டேன். நான் போட்ட சத்தத்தில் அந்த ஆள் போனைக் கீழே போட்டுவிட்டான் என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். "ஃபேமிலியா பாக்கற புரோக்ராம் சார், யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல" என்றான். நான் சொல்லிக்கொண்டிருந்த அதே பதில். அப்புறம் லைனில் இருங்கள் என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டான். பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தேன்.

வியாழக்கிழமை உன் தாய்மாமன் ஏகாம்பரம் பத்திரிகை வைக்கிற லிஸ்ட்டோடு வந்தான். பாபுவின் அந்த ஐட்டத்தை எடுத்துவிடப் போகிறேன் என்றேன். "இன்னா மச்சான், ஒரு சிரிப்புக்கு இவ்ளோ பேஜாரா? குண்டா கீறவன பாத்து சிரிக்கறோம், திக்கித் திக்கிப் பேசறவன பாத்து சிரிக்கறோம். உனக்கே வழுக்கை கீது. வழுக்கை ஜோக்குக்கு நீ கோச்சிகினியா?" என்றான். நான், "ஏகாம்பரம், எனக்கு முடி கொட்டினத நான் எங்கப்பன் கிட்ட மறைச்சனா? வழுக்கைன்னு சொல்லி எவனாச்சும் எனக்கு வூடு வாடகைக்கு இல்லன்னானா? வழுக்கைய பாத்து சிரிச்சவன்தான் எனக்குப் பொண்ணையும் குடுத்தான், உங்கப்பன்" என்றேன். ஏகாம்பரம் கையிலிருந்த லிஸ்ட்டை மடித்து வைத்தான். இதில் அலங்காரம் இல்லை, நிஜமாகவே மடித்து வைத்தான். அப்புறம் கேட்டான், "சரி, உனக்கு இன்னா திடீர்னு?"

அங்கேதான் நான் விழுந்தேன். "ஒரு கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பண்ணாரு" என்று சொல்லிவிட்டேன். உன் விஷயத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதனால் மறைத்தேன் என்று இங்கே கௌரவமாக எழுதிவிடலாம். உரிமை இல்லாததும் உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் நான் அதை நினைக்கவில்லை, பயந்தேன். நாலு தெருவுக்கு ஒயர் இழுத்தவன், மின்னல் அடிக்கும்போது கம்பத்தில் ஏறியவன், ஏகாம்பரம் முகத்துக்குப் பயந்தேன். ஒரு நிமிஷம் பயந்ததற்கே எனக்கு வேர்த்துவிட்டது. நீ எத்தனை வருஷம், எத்தனை பேர் முன்னால்.

மறுநாள் காலையில் பாபு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் தொங்கிவிட்டது. "அண்ணா, அத எடுத்துட்டா ஷோவே படுத்துரும்ணா. நான் யாரையும் பேர் சொல்லிப் பண்றதில்ல. பொதுவாத்தான பண்றேன்?" என்றான். "நீ பேர் சொல்ல வேணாம்டா, பேர நாங்க வூட்ல சொல்லிக்கிறோம்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. "அப்ப அந்தப் பத்து நிமிஷம் இன்னா பண்றதுண்ணா?" "என்னப் பண்ணு" என்றேன். உற்சாகத்தில்தான் சொன்னேன். என்னை மிமிக்ரி செய்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் என்று உள்ளுக்குள் ஒரு குஷி. அவன் அங்கேயே எழுந்து வேட்டியை ஏற்றிக் கட்டினான், வழுக்கையைத் தடவினான், தொண்டையை மூன்று தடவை கனைத்தான், "நேயர்களே, நாலாயிரம் குடும்பங்களே" என்று ஆரம்பித்தான். அச்சு அசல் நான். ஏகாம்பரம் நாற்காலியிலிருந்து சரிந்தான். உன் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காதே. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மைக்கைப் பிடித்தபோது கனைக்க வந்தது, அடக்கிக்கொண்டேன். வழுக்கையிடம் போன கையைப் பாதி வழியில் இறக்கினேன். நேயர்களே என்பது வாயில் வரவே இல்லை. என்னை வெறுக்காதவன், என் வீட்டில், என் அனுமதியோடு, ஐந்து நிமிஷம் செய்ததற்கே என் கை எங்கே போகிறது என்று நானே காவல் காத்தேன். அதில் வெறுப்பையும் சேர்த்து, அடியையும் சேர்த்து, தினமும் ஆறு மணிக்கு ஒருத்தன் பெயரோடு போட்டால் அது அவனை என்ன செய்யும் என்று இனி யாரும் என்னிடம் விவாதம் பண்ண வேண்டாம். ஜோக்குத்தானே என்று சொல்கிறவன் அந்த ஜோக்கில் அடி வாங்குகிற ஆளாக ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் ஒளிக்கவில்லை. நாலு வருஷம் அம்மாவுக்கு மட்டும் சொன்னாயே. ராஜகீழ்ப்பாக்கத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும், என் வீட்டுச் செய்தி எனக்குக் கடைசியில் வருகிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வருகிறது. ஆனால் யாரிடம் சொல்லியிருப்பாய்? மைக்கைப் பிடித்தவனிடமா? எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் எதையாவது தப்பாகக் கேட்பேன். பேரன் பேத்தி என்று ஒரு நாள் உளறுவேன். அப்போது போனை வைக்காதே, திருத்து. உன் அம்மா சொன்ன அந்தச் சிநேகிதர், உன்னோடு வீட்டில் இருக்கிறவர், அவர் பெயரைக்கூட நான் இன்னும் கேட்கவில்லை. நீயே சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். அவரைக் கூட்டி வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தால் என் விருந்தாளி, எவனாவது வாயைத் திறந்தால் அறுபது வயதிலும் எனக்குக் கை நீளும்.

உன் பெயரை ஊர் கேட்க வாசித்தவன் ஊர் கேட்கத்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும். அதனால் நம் பக்கத்து வாரப் பத்திரிகைக்காரரிடம் இதற்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். உன் பெயரும் என் பெயரும் இதில் இல்லை, ஆனாலும் நாலு பேர் கண்டுபிடிப்பார்கள். எனவே உனக்குத்தான் முதலில் அனுப்புகிறேன். நீ சரி என்றால் அச்சுக்குப் போகும், வேண்டாம் என்றால் கிழித்துவிடு, நான் கோபப்பட மாட்டேன். படுவேன், ஆனால் உன்மேல் காட்ட மாட்டேன். அந்த மாதிரிக் காமெடி டிஸ்க் ஒன்றுகூட இப்போது கண்ட்ரோல் ரூமில் இல்லை. ஐந்து பேர் போன் போட்டு ஏன் போடுவதில்லை என்று கேட்டார்கள். போட மாட்டேன் என்றேன். ஒருத்தர் கனெக்‌ஷனைத் துண்டிக்கிறேன் என்றார், நானே போய்த் துண்டித்துவிட்டு வந்தேன்.

நேற்று ஐயர் வந்து சடங்குகளைச் சொல்லிவிட்டுப் போனார். பூஜை முடிந்ததும் என்னையும் உன் அம்மாவையும் பலகையில் உட்கார வைத்துக் கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்களாம். முதல் கலசம் பெற்ற பிள்ளை ஊற்ற வேண்டுமாம். பிள்ளை வர முடியாவிட்டால் மைத்துனர் ஊற்றலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது என்றார். ஏகாம்பரம் இப்போதே சட்டைக் கையை மடித்துவிட்டான். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் அம்மாவும் அதையே சொல்லிவிட்டாள். நீ வந்தால் ஊற்று, கோபத்தோடு வந்தாலும் ஊற்று, வேகமாகவே ஊற்று. நீ வராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் நனையாமல், கட்டின புதுத் துணி காய்ந்தபடியே பலகையை விட்டு எழுந்திருப்போம். மண்டபமே ஏன் என்று கேட்கும். நான் செய்த தப்பு என்று சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க மாட்டேன்.

உன் அப்பா